அசல் சான்றிதழும் அயல்நாட்டுப் படிப்பும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கல்லூரிகளில், இறுதியாண்டுத் தேர்வுகள் நெருங்குகிற காலத்தில், வெளிநாட்டு உயர்கல்வி பற்றிய கூட்டங்களும் கண்காட்சிகளும் நடப்பது இப்போது வருடந்தோறும் காணும் வழக்கமாகிவிட்டது. கல்லூரியின் பெயர் பொறித்த பதாகை மேடையில் தொங்க, முதல்வரோ துறைத்தலைவரோ இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேச, அதன்பின் ஏதோ ஓர் ஆலோசனை நிறுவனத்தின் பிரதிநிதி பனி மூடிய கட்டடங்களின் படங்களைத் திரையில் காட்டி, வாசலில் போட்ட மேஜையில் மாணவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு போகிறார். சில மாதங்கள் கழித்து, அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்த பிள்ளைகளின் பெற்றோரில் சிலர், ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுத்த பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டு அலைவதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்தக் கவரைத் திறந்தால் ஒரு விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் உரையாடலின் மங்கிய நகல், முத்திரையோ முகவரியோ இல்லாமல் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்த துண்டுச் சீட்டு ஆகியவையே இருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் எங்கே, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டால், "எல்லாம் அவங்க ஆபீஸ்லதாங்க இருக்குது" என்பதே பதிலாக வருகிறது.

அயல்நாடு சென்று படிப்பதைப் பற்றி எனக்கு மாறுபட்ட அபிப்பிராயம் ஏதுமில்லை. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் பயிரிட்டுக் குடும்பம் நடத்துகிறவர்களின் பிள்ளைகள், காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளிலும் அரசு கலைக் கல்லூரிகளிலும் படித்துத் தேறி, ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போக முடிகிற காலம் வந்திருப்பது இந்த மாவட்டத்துக்குப் பெருமையே. ஆனால் அந்தப் பிரயாணத்துக்காக ஒரு குடும்பம் தன் இரண்டு காணி நிலத்தை அடமானம் வைக்கிறபோது, அந்தப் பணம் யார் கைக்கு, எந்தக் காகிதத்தின்மேல் போகிறது என்பதில் காட்ட வேண்டிய சிரத்தையைக் காட்டாமல் விடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். நிலம் வாங்குகிறவர் எவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. நிலத்தின் விலையையே கொண்டுபோய்க் கொட்டுகிற படிப்புக்கு மட்டும் வில்லங்கம் பார்ப்பது அவசியமில்லை என்று எண்ணிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அந்த அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது. வேலை தேடுகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும், வரி நீங்கலாக 30,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. ஆனால் கல்லூரிச் சேர்க்கை மட்டும் வாங்கித் தருவதாகச் சொல்கிற ஏஜெண்ட் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. பஞ்சாப் மாநிலம் இத்தகையோரை முறைப்படுத்த 2012-இல் தனிச் சட்டம் செய்துகொண்டது. மத்திய அரசோ, இத்தனை ஆயிரம் மாணவர்கள் இத்தனை ஆண்டுகளாக நாட்டை விட்டுச் சென்றுகொண்டிருந்தும், அவர்களை அனுப்பிவைக்கும் தொழிலை முறைப்படுத்தும் பொறுப்பை இன்னும் ஏற்காமலே இருப்பது வருந்தத்தக்க அலட்சியம். ஆகவே, விளம்பரத்தில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று அச்சடித்திருந்தால், அது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவையோ கம்பெனிப் பதிவையோதான் குறிக்கும். அவை வரி கட்டுவதற்கான அடையாளமே தவிர, நாணயத்துக்கான அத்தாட்சியல்ல. அதே ஏஜெண்ட் "படிப்போடு வேலையும் உறுதி" என்று சொல்வாரானால், அந்தக் கணமே அவரிடம் ஆள்சேர்ப்பு உரிம எண்ணைக் கேளுங்கள். எண் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஏமாற்றம் எப்படியெல்லாம் நேர்ந்திருக்கிறது என்பதற்கு உதாரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2011-இல் கலிபோர்னியாவில் 'டிரை-வேலி' என்ற பெயரில் நடந்த ஒரு போலிப் பல்கலைக்கழகத்தை அமெரிக்க அரசு மூடியபோது, அங்கே பெயர் பதிந்திருந்த இந்திய மாணவர்களில், பெரும்பாலும் ஆந்திரப் பிள்ளைகளான அவர்களில் சிலருக்கு, கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. 2019-இல் மிச்சிகனில், 'பார்மிங்டன்' என்று அந்த அரசே விரித்த வலைப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்ததற்காக 129 இந்திய மாணவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். 2023-இல் கனடாவில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், படிப்பை முடித்து நிரந்தர வசிப்புரிமை கேட்டு விண்ணப்பித்த சமயத்தில்தான், தாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் விசாவுக்காகக் காட்டிய சேர்க்கைக் கடிதமே ஏஜெண்ட் தயாரித்த போலி என்று அறிந்தார்கள். இந்த மூன்றிலும், அரசு முதலில் கேள்வி கேட்டது மாணவனைத்தான்; ஏஜெண்டை அல்ல.

கடிதம் மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. பிரிட்டனில் அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமை பெற்ற நிறுவனங்களின் பதிவேட்டை அந்நாட்டு உள்துறையே வெளியிடுகிறது. கனடாவில் அனுமதி பெற்ற ஒவ்வொரு கல்லூரிக்கும் 'டி.எல்.ஐ.' எண் உண்டு. ஆஸ்திரேலியாவில் பாடப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் 'கிரிகாஸ்' பதிவு எண் உண்டு. ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களை 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' என்னும் தளத்தில் பார்க்கலாம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு 'ஏ.பி.எஸ்.' சான்று பெற வேண்டியிருப்பதால், அந்தப் பரிசோதனையிலேயே சான்றிதழ்களின் மெய்த்தன்மை வெளிப்பட்டுவிடும். இவ்வளவும் பார்த்த பிறகு, பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு மாணவரே ஒரு மின்னஞ்சல் எழுதி, விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, இந்தக் கடிதம் உங்களுடையதுதானா என்று கேட்க வேண்டும். கடிதத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரிக்கு எழுதாதீர்கள். போலிக் கடிதத்தில் முகவரியும் போலியாகவே இருக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்து, அங்கே கண்ட முகவரிக்கு எழுதுங்கள்.

இங்கே நான் மிகவும் அஞ்சுகிற ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாணவர் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கை ஏஜெண்டே திறந்து, கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தோடு நடக்கிற கடிதப் போக்குவரத்து முழுவதையும் தானே நடத்துகிறார். "தம்பி, உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்" என்கிற ஒரு கனிவான வார்த்தையில் மாணவரும் மயங்கிவிடுகிறார். சேர்க்கை மறுக்கப்பட்டாலும், கட்டிய கட்டணம் திரும்பி வந்தாலும், மாணவருக்கு அது தெரிய வழியில்லை. விண்ணப்பம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில், உங்கள் கடவுச்சொல்லில் போக வேண்டும். விசா விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஏனெனில் அதில் பொய் இருந்தால் கனடா ஐந்து ஆண்டுகளுக்கும், பிரிட்டன் பத்து ஆண்டுகள் வரையிலும் கதவை மூடிவிட முடியும். வங்கிக் கணக்கில் சில வாரங்களுக்கு மட்டும் பணம் போட்டுக் காட்டி எடுத்துவிடலாம் என்று வட்டிக்குப் பணம் ஏற்பாடு செய்து தருகிற வழக்கமும் இந்தப் பொய்யின் ஒரு வகையே.

மருத்துவப் படிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. "தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரி" என்று விளம்பரம் செய்கிறவர் யாராயினும் உண்மை பேசவில்லை என்று கொள்ளலாம். அந்த ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் அங்கீகரித்துப் பட்டியல் வெளியிடுவதில்லை. 2021 நவம்பரில் அது வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்களாக இருக்க வேண்டும். ஆங்கில வழியில் இருக்க வேண்டும். முழுவதையும் ஒரே நிறுவனத்தில் படித்து, அங்கேயே 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனுக்கு இணையாக அங்கே மருத்துவம் பார்க்கப் பதிவு பெறும் தகுதியையும் அந்தப் பட்டம் தர வேண்டும். நீட் தேர்வில் தகுதி பெறாமல் போனவர் அங்கே எத்தனை ஆண்டு படித்தாலும் இங்கே மருத்துவராகப் பதிவு பெற முடியாது. "நீட் தேவையில்லை" என்ற சொல்லைக் கேட்ட இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத வருத்தத்தில், இந்த விதிகளில் ஒன்றையும் படிக்காமல் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறபோது மனம் பொறுப்பதில்லை.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். நம் பிள்ளைகள் மிகுதியாகத் தடுமாறுவது பெயரில்தான். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே இனிஷியல். பள்ளிச் சான்றில் 'எம். கார்த்திக்' என்றிருப்பவர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தெழுத வேண்டிய நிர்ப்பந்தத்தில் 'கார்த்திக் முருகன்' ஆகிறார். பட்டச் சான்றில் 'கார்த்திக் எம்.' என்றும், ஆங்கிலத் தேர்வுக்குப் பதிந்த இடத்தில் 'முருகன் கார்த்திக்' என்றும் ஆகிவிடுகிறார். நான்கும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். விசா அதிகாரிக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தையோ இயற்பெயர்க் கட்டத்தையோ காலியாக விட்டுவிடுவது இன்னும் தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு அனுமதியில்லை என்று அறிவித்தபோது, அந்தக் கட்டத்தின் முக்கியத்துவம் பலருக்கும் புரிந்தது. ஆகையால் பாஸ்போர்ட் எடுக்கிற நாளிலேயே தகப்பனார் பெயரை விரித்து எழுதி, அதன்பின் எழுதுகிற தேர்வுகளுக்கும் விண்ணப்பங்களுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி வாருங்கள். இனிஷியல் விரிவு மட்டுமே வித்தியாசம் என்றால், நோட்டரி வழக்கறிஞர் முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும்; பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். விழுப்புரம் மாவட்டம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் முறையில் மேலும் 2,000 ரூபாய். இதற்கு மேல் யாராவது கேட்டால், அந்தப் பணம் அரசுக்குப் போவதில்லை.

அடுத்தது, பல்கலைக்கழகத்திலிருந்து பெற வேண்டிய 'டிரான்ஸ்கிரிப்ட்' என்னும் மதிப்பெண் தொகுப்புச் சான்று. இந்த மாவட்டத்துக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. இங்குள்ள கல்லூரிகள் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2021-இன் தொடக்கத்தில் விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் சட்டமாகி, அதே ஆண்டு ஆகஸ்டு மாதமே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதன் விளைவாக, அண்ணன் ஒரு பல்கலைக்கழகத்தின் சான்றோடும், தம்பி அதே கல்லூரியில் படித்து வேறொரு பல்கலைக்கழகத்தின் சான்றோடும் வீட்டில் இருக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் சிதம்பரத்துக்குப் போ என்பார்கள். சிதம்பரத்தில் கேட்டால் வேலூருக்குப் போ என்பார்கள். அலைய வேண்டாம். உங்கள் பட்டச் சான்றின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதோ, அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமே டிரான்ஸ்கிரிப்டும் மெய்த்தன்மைச் சான்றும் தரவேண்டிய இடம்: திருவள்ளுவர் என்றால் காட்பாடியை அடுத்த சேர்க்காடு, அண்ணாமலை என்றால் சிதம்பரம், பொறியியல் என்றால் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கடைசிப் பருவத் தேர்வின் முடிவு வந்த வாரமே விண்ணப்பித்து, கட்டணச் சலானின் நகலையும், கொடுத்த தேதியிட்ட ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகை தர மறுக்கும் எழுத்தரிடம் வாதாட வேண்டாம். அதே விண்ணப்பத்தை வழங்கல் சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

சில நாடுகள் சான்றிதழில் 'அப்போஸ்டில்' முத்திரை கேட்கும். இந்தியா 2005 முதல் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதால், வெளியுறவு அமைச்சகம் குத்துகிற இந்த முத்திரையை உடன்படிக்கை நாடுகள் ஏற்கின்றன. கனடாவும் 2024 ஜனவரி முதல் இதில் சேர்ந்துவிட்டது. அமைச்சகத்தின் முத்திரைக்கு முன் மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம் பெற வேண்டும். ஓர் ஆவணத்துக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் 50 ரூபாய் மட்டுமே. ஆவணம் வாங்கி ஒப்படைக்கும் அங்கீகார நிறுவனங்கள் தனியே சிறிது சேவைக் கட்டணம் வாங்கும். இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்கிற ஏஜெண்டுகள் இருப்பதாலேயே இந்த ஐம்பது ரூபாயை இங்கே எழுதினேன். அப்போஸ்டிலுக்கு விண்ணப்பிக்க 'இ-சனத்' என்ற இணைய முறையும் இருக்கிறது.

இந்த முத்திரைக்காக அசல் சான்றிதழைக் கொடுத்து வாங்க வேண்டியிருப்பது உண்மை. ஆனால் அசலைக் கொடுக்க வேண்டிய இடம் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமும் அரசு அலுவலகமும்தானே தவிர, பாண்டிச்சேரிச் சாலையில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருக்கும் ஆலோசனை மையம் அல்ல. அசலைக் கொடுக்காதீர்கள். "ஃபைல் போடணும்" என்றாலும், "நாளைக்கே திருப்பித் தந்துடறோம்" என்றாலும் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டியது ஸ்கேன் செய்த நகல். அதற்கு அசல் தேவையில்லை. அசலை வைத்துக்கொண்டு, இன்னும் இவ்வளவு பணம் கட்டினால்தான் தருவோம் என்று மிரட்டுவது இந்தத் தொழிலின் அடிப்படைத் தந்திரம். பாஸ்போர்ட்டோ, 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. அதைப் பிணையாக வாங்கி வைக்க எந்தத் தனி மனிதருக்கும் உரிமையில்லை. கல்லூரிகளுங்கூட மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: அசலைக் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். கல்லூரிக் கட்டணம் மாணவரின் அல்லது பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போக வேண்டும். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கோ அவர் மனைவியின் கணக்குக்கோ போகக் கூடாது. ஏஜெண்டுக்குரிய சேவைக் கட்டணத்தை வங்கி மூலமே கொடுத்து, எதற்காக, எப்போது, எந்த நிபந்தனையில் திருப்பித் தரப்படும் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது; ரொக்கம் கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்பதை அதிலிருந்தே அறியலாம்.

நிலத்தை அடமானம் வைப்பதற்கு முன், இருக்கிற உதவிகளைக் கேட்டுப் பார்த்தீர்களா என்பது என் அடுத்த கேள்வி. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 'அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை'யாக ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்கு மிகாமல், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு பெற்ற, 35 வயதுக்குட்பட்ட பட்டியல் வகுப்பினர் முதலியோர் விண்ணப்பிக்கலாம். நிலமற்ற விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதில் சில இடங்கள் உண்டு. 2025-இல் இதற்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி வந்தால் தருகிறோம் என்று அமைச்சகம் சொன்னது, சேர்க்கை தேதி நெருங்கிய பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை. ஆகவே இந்த ஒன்றை மட்டும் நம்பி மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடாதீர்கள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 'டாப்செட்கோ' கழகம் அயல்நாட்டுக் கல்விக்கு 15 லட்சம் ரூபாய் வரை கடன் தருகிறது. விழுப்புரம் ஆட்சியர் வளாகத்திலுள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும், பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்திலும் நேரில் சென்று, அந்த ஆண்டுக்குரிய அறிவிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பெற்று வையுங்கள். வருமானச் சான்று பழையதாக இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். சாதியைப் பொருட்படுத்தாமல் வழங்கப்படும் செவனிங், புல்பிரைட்-நேரு, டி.ஏ.ஏ.டி. போன்ற உதவித்தொகைகளுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. அவற்றை "வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

வங்கிக் கடனுக்கு 'வித்யாலக்ஷ்மி' தளத்தில் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணோடு கிளைக்குப் போங்கள். மேலாளர் வாய்மொழியாக "இந்தப் பிராஞ்சுல எஜுகேஷன் லோன் இல்லைப்பா" என்று சொல்லி அனுப்பினால், திரும்பி வந்துவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். தராவிட்டால், விழுப்புரம் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கியான இந்தியன் வங்கியின் மாவட்ட முன்னோடி மேலாளருக்கு எழுதுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் சரியான பதில் வராத பட்சத்தில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வாய்மொழி மறுப்பு எந்த மேல்முறையீட்டுக்கும் ஆதாரமாகாது என்பதை அந்த மேலாளர் நன்றாக அறிவார். நாமும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏமாந்துவிட்டால் என்ன பரிகாரம்? முதலாவது, காலதாமதம் செய்யாதீர்கள். "அடுத்த மாசம் தந்துடறேன்" என்று அவர் சொல்லச் சொல்ல மாதங்கள் ஓடுகின்றன. இணைய வழியில் பணம் போயிருந்தால் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்து, நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, பணம் போன வங்கிக் கணக்கு விவரங்களை இணைத்து, காவல் நிலையத்திலோ விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தைச் சேர்ந்த மாவட்டக் குற்றப்பிரிவிலோ மனு கொடுங்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். கடிதத்தைப் போலியாகத் தயாரித்தது தனிக் குற்றம். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

திண்டிவனத்துக்காரர்கள் பலர் பணம் கொடுப்பது பாண்டிச்சேரியிலோ சென்னையிலோ இருக்கிற அலுவலகத்தில். இங்கே புகார் கொடுத்தால், "அது எங்க எல்லையில்லை" என்று அனுப்பிவிடுவதும், அங்கே போனால் "உங்க ஊர்ல குடுங்க" என்று சொல்வதும் வாடிக்கை. இந்தப் பதில் சட்டத்துக்கு விரோதமானது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவும் சொல்கிறது. பதிய மறுத்தால், அதே மனுவைக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவர் மன்றத்தை அணுகலாம். திங்கட்கிழமை ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பது தவறில்லை. ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டு, மாவட்டமே பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது தவறு. அந்த மனு முடிவில் சுற்றிக்கொண்டு அதே காவல் நிலையத்துக்குத்தான் வந்து சேரும்.

காவல்துறையில் கொடுக்கும் புகார் குற்றவாளியைத் தண்டிக்க. பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால், விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம். ஏஜெண்ட் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்கு மேற்படாத வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. வைக்க வேண்டும், வசதியில்லை என்றால், விழுப்புரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், திண்டிவனத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலும் விண்ணப்பித்து இலவச உதவி பெறலாம். பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் இதில் வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஒன்று: வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஏஜெண்டுகளுக்கு இது தெரியும். அவர்கள் தவணை சொல்வதன் உத்தேசமே அந்த இரண்டாண்டைக் கடத்திவிடுவதுதான்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கலையரங்கத்தை ஒருவருக்குத் திறந்துவிடும்போது, அவரோடு கல்லூரியின் நற்பெயரும் சேர்ந்து மேடை ஏறுகிறது. "காலேஜ்லயே வந்து பேசினாங்களே" என்று சொல்லித்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். பேச வருகிறவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி என்பதற்கு அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே எழுதி உறுதி செய்துகொண்ட பிறகு அனுமதிப்பது வேலைவாய்ப்பு அலுவலரின் கடமை. மாணவர்களின் கைபேசி எண் பட்டியலை வெளியாருக்குக் கொடுப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் 'எஜுகேஷன்-யு.எஸ்.ஏ.' மையம், பிரிட்டிஷ் கவுன்சில் போன்றவை கட்டணமில்லாமல் தகவல் தருகின்றன. அவற்றை அழைக்கக் கடிதம் எழுதுவதில் என்ன சிரமம்? தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ்த் தமிழக மாணவர்கள் 2023 டிசம்பரில் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அரசுச் செலவில் சென்று வந்தார்கள். அத்தகைய வாய்ப்பின் அறிவிப்பு வந்த நாளில் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிற கல்லூரிகள், தனியார் கண்காட்சிக்கு மட்டும் பந்தல் போடுவது நியாயமில்லை.

விசா கைக்கு வந்து புறப்படுகிறவர்கள் இரண்டு பதிவுகளைச் செய்துவிட்டுப் போக வேண்டும். ஒன்று, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் மாணவராகப் பெயர் பதிவது. 2022-இல் உக்ரைனிலிருந்து மாணவர்களை மீட்டபோது, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்ற விவரம் தூதரகத்திடம் இருப்பது எத்தனை முக்கியம் என்பதை நாடே பார்த்தது. மற்றொன்று, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையின் கீழுள்ள நலவாரியத்தில் உறுப்பினராவது. பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களையும், தங்குமிடத்தின் முழு முகவரியையும், அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் ஒரு கோப்பில் போட்டு, வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். ஏதேனும் நேர்ந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது பாஸ்போர்ட் எண்தான், அது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை.